பி.பி.ஓ.வை எடுத்துட்டு வாங்க, தங்கச்சி

என் அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் 40 ஆண்டுகள் வேலை பார்த்தார். ஓய்வு பெற்ற பிறகு 33 ஆண்டுகள் இருந்தார். 1931இல் பிறந்தவர், 2022இல் போனார். துக்கம் கேட்க வந்த ஆண்களில் பெரும்பாலோர் அந்த 40 ஆண்டுகளைப் பற்றித்தான் பேசினார்கள். பாய்லர் ஷாப், சங்கம், 74ஆம் வருஷத்து வேலைநிறுத்தம். வந்த பெண்கள் பேசியது வேறு. அவர்களில் அநேகம் பேர் எழுபதைத் தாண்டியவர்கள், தனியாக ஆட்டோ பிடித்து வந்தவர்கள். அப்பாவோடு வேலை பார்த்தவர்களின் மனைவிமார். "அண்ணன் இல்லைன்னா என் சோத்துக்கு வழி இருந்திருக்காதும்மா" என்று ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்பாவின் வாழ்க்கையில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது இந்தப் பெண்கள் சொன்ன பகுதிதான். ஆனால் அதற்கு வேர் முன்னாலேயே இருக்கிறது. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

தாத்தா நாகப்பட்டினத்துக்காரர். தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை முதலில் அங்கேதான் இருந்தது. 1928இல் அதைத் திருச்சிக்குப் பக்கத்தில் பொன்மலைக்கு மாற்றினார்கள். ஆயிரக்கணக்கானவர்களை வேலையிலிருந்து நீக்கப் போகிறார்கள் என்று தெரிந்து அதே ஆண்டு ஜூலையில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. சிங்காரவேலர் சிறைக்குப் போனது அந்தப் போராட்டத்தில்தான். தாத்தாவுக்கு வேலை தப்பியது. பாட்டியைக் கூட்டிக்கொண்டு, கடற்கரை ஊரை விட்டு, பாறையும் முள்ளுமாகக் கிடந்த இந்த மேட்டுக்கு வந்தார். அப்பா பிறந்தது ரயில்வே குவார்ட்டர்ஸில். காலையில் பணிமனைச் சங்கு ஊதினால்தான் அந்த ஊருக்கு விடியும். பள்ளிக்கூடப் பிள்ளைகள், பால்காரர், சந்தைக்குக் கூடை கட்டுகிறவர் என்று வேலைக்குச் சம்பந்தமே இல்லாதவர்களும் சங்கை வைத்துத்தான் பொழுதைக் கணக்குப் பண்ணினார்கள்.

1946இல் அப்பாவுக்கு 15 வயது. ஆகஸ்டு 24ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. செப்டம்பர் 5ஆம் தேதி பொன்மலையில் போலீஸ் சுட்டது. ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். இன்றைக்கும் ஆண்டுதோறும் அந்தத் தேதியில் சங்கத் திடலில் அஞ்சலி செலுத்துகிறார்கள். அப்பா அந்த நாளைப் பற்றி அதிகம் பேசமாட்டார். பேசினால் சுட்டதைப் பற்றிப் பேசமாட்டார். இறந்துபோன ஒருவருடைய வீட்டில் அடுத்த மாதம் அரிசி இல்லை என்று பாட்டி சொன்னதையும், தாத்தா தன் சட்டைப்பையிலிருந்து காசு எடுத்துக் கொடுத்து, "போய் கொடுத்துட்டு வா, நான் கொடுத்தேன்னு சொல்லாதே" என்று அனுப்பியதையும்தான் சொல்வார். ஊர்வலம், கொடி, முழக்கம் எல்லாம் முடிந்த பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்க்கிற புத்தி அவருக்கு அன்றைக்கே வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

1949இல் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். பாய்லர் ஷாப்பில் போட்டார்கள்.

நீராவி எஞ்சினின் பாய்லரைப் பற்றி அப்பா சொல்லிக் கேட்டவர்களுக்கு அது மறக்காது. நெருப்பு எரிகிற பெட்டி உள்ளே. அதைச் சுற்றி வெளியே இன்னொரு பெட்டி. இரண்டுக்கும் நடுவில் தண்ணீர். கொதிக்கிற தண்ணீரின் அழுத்தம் உள்பெட்டியை நசுக்கப் பார்க்கும், வெளிப்பெட்டியைப் பிதுக்கப் பார்க்கும். இரண்டையும் இழுத்துப் பிடித்து நிறுத்துவது நூற்றுக்கணக்கான குட்டித் தண்டுகள். அவற்றுக்கு ஸ்டே என்று பெயர். ஒரு ஸ்டே உடைந்தால் ஒன்றும் ஆகாது. பக்கத்தில் இருப்பது அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கும். அதுவும் உடைந்தால் அடுத்தது. உடைந்தது வெளியே தெரியாது என்பதால் ஒவ்வொரு ஸ்டேயின் முனையிலும் மெல்லிய துளை ஒன்று போட்டிருப்பார்கள். தண்டில் விரிசல் விட்டால் அந்தத் துளை வழியாக நீராவி கசியும். அது காட்டிக்கொடுக்கும். துளை அடைத்துக்கொண்டிருந்தால் சுத்தியல்தான். நல்ல ஸ்டேயைத் தட்டினால் கணீரென்று கேட்கும். உடைந்தது பொத்தென்று கேட்கும். நாள் முழுக்க ஆயிரம் தட்டு. எது பொத்தென்று கேட்கிறதோ அதற்குச் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு குறி.

நெருப்புப் பெட்டியின் மேல்தகட்டில் ஈயம் ஊற்றிய திருகு ஒன்றும் உண்டு. தண்ணீர் குறைந்து தகடு காய்ந்தால் முதலில் ஈயம் உருகும். அந்த ஓட்டை வழியாக நீராவி பாய்ந்து டிரைவரை எச்சரிக்கும், நெருப்பையும் தணிக்கும். "பாய்லர் வெடிக்கிறதுக்கு முன்னால அந்த ஈயம் தன்னைக் கொடுத்துடும்" என்பார். ஈயத்துக்கு அவர் கொடுக்கிற மரியாதையைக் கேட்டால் அது எங்கள் பெரியப்பா முறை போல இருக்கும்.

ரிவெட் அடிக்கிற சத்தம் பாய்லர் ஷாப்காரர்களின் காதைத் தின்றுவிடும். அந்தக் காலத்தில் காதடைப்பான் என்று யாரும் கேள்விப்பட்டதில்லை, பஞ்சு வைத்துக்கொள்வார்கள். ஐம்பது வயதில் அப்பாவுக்குப் பறவைச் சத்தம் கேட்காமல் போயிற்று. பெண் குரல் மங்கலாகக் கேட்கும். அவரும் நண்பர்களும் திண்ணையில் உட்கார்ந்து பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். புதிதாகக் குடிவந்தவர்கள் சண்டை என்று நினைத்து எட்டிப்பார்ப்பார்கள்.

அவருடைய சிநேகிதம் அந்தச் சத்தத்துக்குள் வளர்ந்தது. ஷாப்பில் வாய் திறந்து பேசிப் பயனில்லை. கை ஜாடை, கண் ஜாடை, உதட்டசைவு. அதனால் அவர் யாரோடு பேசினாலும் முகத்தை நேராகப் பார்த்துத்தான் பேசுவார். பேப்பரைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வது, டி.வி.யைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவது எல்லாம் அவரிடம் கிடையாது. நான் ஏழு வயதில் கணக்குப் புத்தகத்தோடு போய் நின்றாலும் துண்டால் கையைத் துடைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்து உட்காருவார். எந்தப் பிள்ளைக்கு அது கிடைக்கும்? எனக்குக் கிடைத்தது. என் சிநேகிதிகள் தங்கள் வீட்டில் சொல்ல முடியாததை என் வீட்டுக்கு வந்து என் அப்பாவிடம் சொன்னார்கள் என்றால் காரணம் அதுதான்.

கல்லூரியில் சேர்ந்த வருஷத்திலிருந்து சாப்பாட்டுக்கு அப்புறம் நானும் அவரும் பொன்மலை ஸ்டேஷன் வரை நடந்துபோய் வருவது வழக்கமாயிற்று. தஞ்சாவூர்ப் பக்கம் போகிற கடைசி வண்டிகளைப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்காருவோம். எனக்குக் கணிதம் படிக்க ஆசை, உறவினர்கள் டீச்சர் ட்ரெயினிங் போதும் என்றார்கள். அப்பா அதைச் செய் இதைச் செய் என்று ஒன்றும் சொல்லவில்லை. "கணக்குல உனக்கு என்னம்மா பிடிச்சிருக்கு, சொல்லு" என்று கேட்டார். நான் சொல்லிமுடிக்க ஒரு வாரம் ஆயிற்று. ஒவ்வொரு ராத்திரியும் கேட்டார், அவருக்குப் புரியாததை மறுபடி கேட்டார். கடைசியில், "இவ்வளவு சொல்ல முடியுதுன்னா அதையே படி" என்றார். எனக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பிறந்து, என் வாழ்க்கையில் வந்த கஷ்டங்களையெல்லாம் நான் முதலில் சொன்னது அவரிடம்தான். அம்மா கோபித்துக்கொள்வாள், "எனக்குக் கடைசியாத்தான் தெரியுது" என்று. அப்பா என்று கூப்பிட்டேன், ஆனால் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தது என் சிநேகிதர்.

1974 மே 8ஆம் தேதி நாடு முழுவதும் ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கியபோது எனக்கு 12 வயது. ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைவர். போனஸ், எட்டு மணி நேர வேலை, சம்பள உயர்வு என்பவை கோரிக்கைகள். சுமார் 17 லட்சம் பேர் இறங்கினார்கள். மே 27 வரை நடந்தது. முதல் நாளுக்கு முன்பே அப்பா தலைமறைவாகிவிட்டார். அரியமங்கலத்தில் ஒரு வீட்டு மச்சில் இருந்தார் என்று பின்னால் தெரிந்தது. அம்மா எங்களிடம், "அப்பா நாகப்பட்டினம் போயிருக்காங்க" என்று சொல்லிவைத்திருந்தாள். காலனியில் சங்கு ஊதியது, யாரும் போகவில்லை. அந்த அமைதி எங்களுக்குப் பயமாக இருந்தது.

அந்த இருபது நாட்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். நாடு முழுவதும் பல்லாயிரம் பேர் வேலையை இழந்தார்கள். அப்பாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது, அவருடைய நெருங்கிய நண்பர்கள் சிலருக்குக் கிடைக்கவில்லை. 1977இல் ஜனதா அரசு வந்து வேலை நீக்கப்பட்டவர்களைத் திரும்பச் சேர்த்தது. நடுவில் மூன்று வருஷம். சம்பள நாளன்று மாலை அப்பா வீட்டுக்கு நேராக வரமாட்டார். ஒரு நோட்டு வைத்திருந்தார். வேலையில் இருக்கிறவர்கள் தங்களால் முடிந்ததைக் கொடுப்பார்கள், அதை வேலை இழந்தவர்களின் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ராத்திரிதான் வருவார். கொடுத்தவர் பெயர் நோட்டில் இருக்கும். வாங்கியவர் பெயர் இருக்காது. 77இல் எல்லோரும் திரும்பச் சேர்ந்த அன்று அந்த நோட்டை வெந்நீர் அடுப்பில் போட்டார். அம்மா ஏன் என்று கேட்டதற்கு, "இனிமே எதுக்கு? யார் யாருக்குக் கொடுத்தாங்கன்னு நாளைக்கு எவனாவது கணக்குப் பார்க்கவா?" என்றார்.

இப்போது பாட்டிக்கு வருகிறேன். தாத்தா 1955இல் ஓய்வு பெற்றார். அப்போது ரயில்வேயில் பென்ஷன் கிடையாது. 1957இல்தான் வந்தது. பிராவிடண்ட் ஃபண்ட் தொகையை ஒரே தடவையாகக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அத்தைகள் இரண்டு பேர் கல்யாணத்தில் அது தீர்ந்தது. தாத்தா போன பிறகு பாட்டி நெடுநாள் இருந்தார். அப்பா நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். ஆனாலும் வெற்றிலை பாக்குக்குக்கூட மகனிடம் கை நீட்ட வேண்டியிருக்கிறதே என்று பாட்டி குறுகிப்போவார். காசைக் கேட்கமாட்டார். வெற்றிலைப் பெட்டியைத் திறந்து மூடி, திறந்து மூடிக்கொண்டிருப்பார். அப்பா கவனித்து வாங்கி வைப்பார். "உங்கப்பா இழைச்ச இரும்புக்கு எனக்குப் பங்கு இல்லையாடா?" என்று ஒருமுறை பாட்டி கேட்டதை அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

1982 டிசம்பர் 17ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நகாரா வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒரு குறிப்பிட்ட தேதிக்கு முன்னால் ஓய்வு பெற்றவர்களுக்குக் குறைவாகவும் பின்னால் ஓய்வு பெற்றவர்களுக்குக் கூடுதலாகவும் பென்ஷன் கொடுக்கக் கூடாது என்றது. அதற்கும் மேலாக, பென்ஷன் என்பது அரசு மனமிரங்கிப் போடுகிற பிச்சை இல்லை, ஒருவர் செய்த வேலைக்கு உரிய உரிமை என்று தெளிவாக எழுதியது. அப்பா இன்னும் வேலையில் இருந்த காலம் அது. தீர்ப்பின் தமிழ்ச் சுருக்கத்தை யாரோ சைக்ளோஸ்டைல் பண்ணிக் கொடுத்தார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, பாட்டியின் போட்டோவுக்கு எதிரே நின்று சத்தமாக வாசித்தார். நாடெங்கும் அந்தத் தேதியை ஓய்வூதியர் நாள் என்று கொண்டாடுகிறார்கள். எங்கள் வீட்டில் அன்றைக்குப் பாயசம் உண்டு.

1989இல் 58 வயதில் ஓய்வு. மாலை போட்டு, கைக்கடிகாரம் கொடுத்து, ஜீப்பில் கொண்டுவந்து விட்டார்கள். மறுநாள் காலை சங்குக்கு எழுந்து குளித்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார். "எங்கே கிளம்பிட்டீங்க?" என்று அம்மா கேட்டாள். "அண்ணி வீட்டுக்கு. பார்ம் போடலை இன்னும்" என்றார். அதற்கு முந்தைய மாதம் இறந்துபோன ஃபவுண்டரிக்காரர் ஒருவரின் மனைவி. அங்கே தொடங்கியது அந்த 33 வருஷம்.

அவருடைய முறை இது. ஒருவர் இறந்தால் அன்றைக்குப் போய்த் தோள் கொடுப்பார், காரியத்துக்கு வேண்டியதைச் செய்வார், காகிதம் என்ற பேச்சையே எடுக்கமாட்டார். கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் ஊருக்குப் போன பிறகு, வீடு வெறிச்சென்று இருக்கும்போது போவார். "பி.பி.ஓ.வை எடுத்துட்டு வாங்க, தங்கச்சி" என்பார். அதுதான் பென்ஷன் வழங்குவதற்கான ஆணை. பல வீடுகளில் அந்தப் பெண்களுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. பீரோவில், சாமி படத்துக்குப் பின்னால், கோதுமை டப்பாவில் எல்லாம் தேடி எடுத்திருக்கிறார்கள். சைக்கிள் ஹாண்டிலில் மாட்டிய துணிப்பையில் வெள்ளைத்தாள், ஸ்டாம்ப் பேடு, கோந்து, இரண்டு பேனா, ஒரு பூதக்கண்ணாடி. காபி கொடுத்தால் குடிப்பார். வேறு எதையும் வாங்கமாட்டார்.

வங்கிக்கு அந்தப் பெண்களைத் தானே கூட்டிக்கொண்டு போவார், ஆனால் கவுண்டரில் அவர்களைத்தான் பேசவைப்பார். "நான் செத்துட்டா யாரு பேசுவா? நீங்களே கேளுங்க" என்று பின்னால் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். கைநாட்டு வைக்கிறவர்களுக்குத் தங்கள் பெயரை எழுதக் கற்றுக்கொடுத்தார். எங்கள் திண்ணையில் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு பாட்டிமார் உட்கார்ந்திருந்த மத்தியானங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. ஒருவர் தன் பெயரை முழுதாக எழுதி முடித்த அன்று அப்பா தெருமுனைக் கடையிலிருந்து எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிவந்தார்.

2006 முதல் நடைமுறைக்கு வந்த ஆறாவது சம்பளக் கமிஷனில் ஒரு நல்ல ஏற்பாடு வந்தது. பென்ஷன்காரருக்கு 80 வயது நிறைந்தால் அடிப்படைப் பென்ஷனில் 20 சதவீதம் கூடும். 85க்கு 30, 90க்கு 40, 95க்கு 50, நூறு வயதில் இரட்டிப்பு. குடும்ப ஓய்வூதியம் வாங்குகிற மனைவிக்கும் அவருடைய வயதுப்படி இது உண்டு. ஆனால் பழைய பி.பி.ஓ.க்களில் மனைவியின் பெயர் மட்டும் இருக்கும், பிறந்த தேதி இருக்காது. அந்தக் காலத்துப் பெண்களுக்குப் பிறந்த தேதி எங்கே இருந்தது? "பெரிய புயல் அடிச்ச வருஷம்", "எங்கக்கா சடங்குக்கு மறு தை". ஆதார் வந்தபோது அதிலும் பலருக்கு ஜனவரி 1 என்று போட்டுவிட்டார்கள். பதிவில் தேதி இல்லை என்றால் கணினி 80 ஆனதை எப்படிக் கண்டுகொள்ளும்?

மேலக் கல்கண்டார்கோட்டையில் ஒரு அம்மா. 84 வயது. நான்கு வருஷமாக அந்த 20 சதவீதம் வரவில்லை, வர வேண்டும் என்றே அவருக்குத் தெரியாது. அப்பா ஒரு சாவு வீட்டில் அவரைப் பார்த்தார். பேச்சுவாக்கில், "உங்களுக்கு என்ன வயசாகுது அக்கா?" என்று கேட்டார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். ஆவணம் தேடுவது, மனு எழுதுவது, ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து வங்கிக்கு. எழுதிய ஒவ்வொரு கடிதத்துக்கும் நகல், நகலின் மூலையில் பெற்றுக்கொண்ட முத்திரை. வரவில்லை என்றால் அடுத்த கடிதத்தில் முந்தைய கடிதத்தின் தேதி. அப்பா குரலை உயர்த்தி நான் பார்த்ததில்லை, காது கேட்காததால் பேசுகிற சத்தத்தைத் தவிர. முடிவில் நிலுவை மொத்தமும் வந்தது. அந்த அம்மா முதலில் செய்தது, வருஷக்கணக்காக அடகில் கிடந்த தோட்டைத் திருப்பியது. அதைப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, "நல்லா இருக்கா தம்பி?" என்று கேட்டார். அப்பா பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, "கல்லு நல்ல கல்லு அக்கா" என்றார்.

இன்னொரு குடும்பம். அப்பாவோடு அப்ரண்டிஸாகச் சேர்ந்தவர். அவருடைய மகனுக்கு மனவளர்ச்சி குறைவு, வயது நாற்பதுக்கு மேல். அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பெற்றோருக்குப் பின் ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. மருத்துவச் சான்று வாங்கி, பெற்றோர் இருக்கும்போதே பி.பி.ஓ.வில் பெயர் சேர்த்துவிடலாம். நண்பருக்கு மனசு வரவில்லை. மகனின் நிலையைக் காகிதத்தில் எழுதி முத்திரை குத்தினால் அது நிலைத்துவிடும் என்று ஒரு பயம். அப்பா பல மாதம் சாயங்காலங்களில் அந்த வீட்டுக்குப் போனார். அந்தப் பையனோடு கேரம் ஆடினார். விண்ணப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஒருநாள் நண்பரே, "எழுதுடா மாப்ள" என்றார். இப்போது அந்த நண்பரும் இல்லை, அவர் மனைவியும் இல்லை. பையனுக்கு மாதாமாதம் பணம் வருகிறது, அக்காள் காப்பாளராக இருந்து பார்த்துக்கொள்கிறாள்.

அப்பாவுக்கு எழுபத்தைந்து வயதானபோது என் மகன் தன் பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்தான். ரயில்வே வாரியத்தின் சுற்றறிக்கைகள் இணையத்தில் வருகின்றன என்று தெரிந்ததும் இரண்டு விரலால் தட்டப் பழகினார். அந்தச் சுற்றறிக்கைகளுக்குப் போடுகிற ஆர்.பி.ஈ. எண்கள் அவருக்கு மனப்பாடம். மூன்று தடவை வாசிப்பார், அடிக்கோடு போடுவார், பிறகு தமிழில் நாலு வரியில் எழுதி, நகல் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வருகிற பழைய ஆட்களிடம் கொடுப்பார். அரசாங்கத் தமிழ் இல்லை. "உங்க சம்சாரத்துக்கு 80 ஆச்சா? இதைப் படிங்க" என்று தலைப்பு இருக்கும்.

2014 நவம்பரில் விரல் ரேகை வைத்து உயிர்வாழ் சான்று கொடுக்கிற ஜீவன் பிரமாண் வந்தது. எல்லோருக்கும் வசதி. ஆனால் பாய்லர் ஷாப்பிலும் ஸ்மித்தி ஷாப்பிலும் நாற்பது வருஷம் இரும்பைப் பிடித்தவர்களுக்கு ரேகை எங்கே இருக்கிறது? இயந்திரம் மறுபடி மறுபடி சிவப்பு விளக்கு காட்டியது. அப்பாவுக்கும் அப்படித்தான். அவர் அதற்காக வருத்தப்பட்டது கிடையாது. மற்றவர்கள் சங்கடப்பட்டு நின்றபோது, "எடுத்துக்கிட்டது எஞ்சின்தானே, போகட்டும். காகிதத்துலயே கொடுப்போம், அதுக்கும் ரூல் இருக்கு" என்று படிவத்தை நீட்டுவார். 2021 நவம்பர் கடைசியில் முகத்தைக் காட்டியே சான்று கொடுக்கலாம் என்று அறிவித்தார்கள். அடுத்த சில நாட்களிலேயே என் போனை வாங்கிக்கொண்டு, தொண்ணூறு வயதில், நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கு என்னோடு ஆட்டோவில் வந்தார். "கண்ணைச் சிமிட்டுங்க, சிரிக்காதீங்க" என்று அவர் போட்டோ ஸ்டுடியோக்காரர் மாதிரிச் சொல்ல, அவர்கள் சிரிக்க, மறுபடி எடுக்க வேண்டி வந்தது.

அவருக்கென்று ஆசைப்பட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று. 80 வயது நிறைந்த 2011இல் பொன்மலைப் பணிமனை நீலகிரி மலை ரயிலுக்குப் புதிதாக ஒரு நீராவி எஞ்சினைக் கட்டி அனுப்பியது. எண்ணெயில் எரிவது. அந்த வகையின் முதல் எஞ்சின்கள் ஸ்விட்சர்லாந்தில் செய்தவை. அதே வகையை எங்கள் ஊரில் செய்தார்கள் என்றதும் அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "நீராவி போச்சுன்னு நினைச்சேன், பசங்க மறக்கலை பார்" என்றார். மேட்டுப்பாளையத்துக்கு அழைத்துப்போனோம். 12.5 அடிக்கு ஓர் அடி ஏறுகிற அந்த மலையில் எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும். நடுத் தண்டவாளத்தின் பற்களைப் பிடித்துக்கொண்டு ஏறும். முதல் இரண்டு சிலிண்டர்களில் வேலை செய்த நீராவியே அடுத்த இரண்டு சிலிண்டர்களுக்குப் போய்ப் பற்சக்கரத்தைச் சுற்றும். இதை அப்பா பக்கத்து இருக்கை மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டே வந்தார். மரங்களையும் பள்ளத்தாக்கையும் அவர் பார்த்த மாதிரியே தெரியவில்லை. தண்ணீர் பிடிக்க வண்டி நின்ற இடத்திலெல்லாம் இறங்கிப் பின்னால் போய்விட்டார். குன்னூரில் ஃபயர்மேன் ஒருவர் அவர் யார் என்று கேட்டு, "வாங்கய்யா" என்று மேலே ஏற்றிக்கொண்டார். கீழே இறங்கி வந்தபோது சட்டையெல்லாம் எண்ணெய்க் கறை. அம்மா அந்தச் சட்டையை வெளுக்கவே இல்லை.

சைக்கிளை 86 வயதில் விட்டார். விட்டார் என்பதைவிட, நாங்கள் பூட்டி வைத்தோம். நண்பர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவரோடு அப்ரண்டிஸாகச் சேர்ந்த செட்டில் யாரும் இல்லை. அந்தத் தனிமை அவரை வருத்தவில்லை என்று சொன்னால் அது பொய். சில ராத்திரிகளில் பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டிருப்பார், ஷாப், டோக்கன் நம்பர் எல்லாம் சேர்த்து. அந்த பித்தளை டோக்கன் நம்பர்கள் எல்லாம் அவருக்கு நினைவிருந்தன. மறுநாள் காலையில் அந்தப் பெயர்களில் ஒருவருடைய வீட்டுக்குப் போன் போகும். "தங்கச்சி, இந்த மாசம் வந்துச்சா?"

அவர் போனது ஒரு வெள்ளிக்கிழமை காலை, தூக்கத்தில். எனக்கு அழுவதற்கு நிறைய நாட்கள் தேவைப்பட்டன. இன்னும் தேவைப்படுகின்றன. ஸ்டேஷன் பெஞ்சுப் பக்கம் நான் போவதில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் நாலைந்து பெண்கள் வந்தார்கள். திண்ணையில் சிலேட்டில் பெயர் எழுதப் பழகியவரும் அவர்களில் ஒருவர். அம்மாவின் எதிரே உட்கார்ந்து, "பி.பி.ஓ.வை எடுங்கக்கா" என்றார். தேட வேண்டியிருக்கவில்லை. அம்மாவின் பிறந்த தேதி அதில் ஏறியிருந்தது. கணக்கு இருவர் பெயரிலும் இருந்தது. படிவத்தில் தேதியும் கையெழுத்தும் தவிர மற்றதை எல்லாம் அப்பா தன் கையாலேயே பென்சிலில் எழுதிவைத்திருந்தார். அந்தப் பெண் பேனாவால் அதன் மேல் எழுதினார், ஒவ்வொரு எழுத்தாக. அம்மாவுக்கு அடுத்த மாதமே பணம் வந்தது, 85 வயதுக்கான 30 சதவீதத்தோடு.

அப்பா இருந்தால் இதற்குமேல் தன்னைப் பற்றி எழுத விடமாட்டார், உருப்படியாக ஏதாவது சொல் என்பார். உங்கள் வீட்டில் அரசுப் பென்ஷன் வாங்குகிறவர் இருந்தால் இன்றைக்கே பி.பி.ஓ.வை எடுத்துப் பாருங்கள். மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் இருப்பது போலவே அதில் இருக்கிறதா? இல்லை என்றால் இருவரும் இருக்கும்போதே எழுதிக்கொடுங்கள். வங்கிக் கணக்கை இருவர் பெயருக்கும் மாற்றுங்கள். மாற்றுத்திறனாளி மகனோ மகளோ, கணவனை இழந்த மகளோ, திருமணமாகாத மகளோ வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் வழி இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். மத்திய அரசுப் பென்ஷன்காரர்களுக்கு உயிர்வாழ் சான்றுக்கு மாதம் நவம்பர். எண்பது தாண்டியவர்கள் அக்டோபர் 1ஆம் தேதியே கொடுக்கலாம், கூட்டத்தில் நிற்க வேண்டாம்.